காசிமேட்டுல கழசல், கொளத்தூர்ல காஸ்ட்லி

காசிமேட்டுல விசைப்படகு வந்து மீன் எறங்குற நேரத்துல போய் நின்னீங்கன்னா, வஞ்சிரம், சங்கரா, கடம்பா எல்லாம் தனித்தனி கூடைக்குப் பிரிஞ்சு போனப்புறம் ஓரமா ஒரு குவியல் கெடக்கும், கழசல்னு சொல்லுவாங்க, கருவாட்டுக்கும் கோழித்தீவனத்துக்கும் போற சரக்கு. அந்தக் குவியல்ல பல நாள் ஒரு மீனைப் பாக்கலாம், கருநீல ஒடம்பு, தடிச்ச தோலு, சின்ன வாய், உள்ள செவப்பா பல்லு. கிளாத்தி. அதே மீன் உள்ளங்கை சைஸ்ல உசுரோட கொளத்தூர் கலர் மீன் கடையில நீல லைட்டுக்குக் கீழ நின்னா அதுக்குப் பேரு நைஜர் ட்ரிக்கர், விலை ஆயிரக்கணக்குல. நடுவுல ஒரு பஸ் பயணம், அவ்ளோதான்.

நான் திருவொத்தியூர். மாடியில நின்னா கடல் தெரியும், வீட்டுக்குள்ள ஆறடி நீளத்துக்கு உப்புத்தண்ணி மீன் டேங்க், மெரைன் டேங்க்னு சொல்லுவாங்க. "கடலாண்டயே குடி இருக்கோம், உனக்கு எதுக்குடா வூட்டுக்குள்ள ஒரு கடலு"ன்னு அம்மா இன்னிக்கு வரைக்கும் கேக்குறாங்க, நியாயமான கேள்விதான், என்கிட்ட பதில் இல்ல. ஆனா இன்னொரு கேள்விக்கு என்கிட்ட பதில் இருக்கு. மெரைன் டேங்க் வெச்சிருக்கிற யார்கிட்ட போய் ட்ரிக்கர், அதாவது இந்தக் கிளாத்தி குடும்பத்து மீன், போடலாமான்னு கேட்டாலும் மொதல்ல வர்ற வார்த்தை "அது ரவுடி ப்ரோ, ரீஃப் டேங்க் பக்கமே கொண்டு வராதீங்க". ரீஃப் டேங்க்னா பவளமும் சேத்து வளக்குற டேங்க். வடசென்னையில பொறந்து வளந்தவனுக்கு இந்த டயலாக் ரொம்பப் பழக்கம், ஏரியா பேரைச் சொன்னதும் ஆளுங்க மூஞ்சி மாறுறதைப் பாத்துப் பாத்துச் சலிச்சவங்கதான நாம. ட்ரிக்கர் விஷயத்துலயும் அதேதான் நடக்குது. சுமார் 40 வகை இருக்கிற ஒரு குடும்பத்துல நாலஞ்சு பேரு பண்ற வேலைக்கு மொத்தக் குடும்பத்து மேலயும் எஃப்.ஐ.ஆர். போட்டு வெச்சிருக்காங்க.

முதல்ல மீனைப் பத்தி. முதுகுல ஒரு தடிச்ச முள்ளு இருக்கும், அதுக்குப் பின்னாடியே சின்னதா ரெண்டாவது முள்ளு. பயந்துச்சுன்னா இது பாறை இடுக்குல போய்ப் பூந்துக்கிட்டு முன் முள்ளை நட்டுக்கும், ரெண்டாவது முள்ளு அடியில வந்து முட்டுக் குடுத்துடும், வீட்டுக் கதவுக்கு உள்பக்கம் தாப்பாள் போட்டுக்கிட்ட மாதிரி. அதுக்கப்புறம் வெளியில இருந்து என்ன இழுத்தாலும் வராது, முன் முள்ளை எவ்ளோ பலமா அமுக்கினாலும் படுக்காது. ஆனா ரெண்டாவது முள்ளை லேசா அமுக்குனா போதும், முன் முள்ளு தானா சாஞ்சுடும். இதை நான் மொதல்ல கத்துக்கிட்டது காசிமேட்டுல மீன் வெட்டுற ஒரு அக்காகிட்ட. கிளாத்தியை பலகையில போட்டதும் அவங்க கட்டை விரலு தானா அந்த ரெண்டாவது முள்ளு மேல போவும், முன் முள்ளு படுக்கும், அப்புறம் தலைக்குப் பின்னாடி ஒரு கீறல், தோலை மொத்தமா சட்டை கழட்டுற கணக்கா உரிச்சுடுவாங்க, ஏன்னா அந்தத் தோலோட கொழம்பு வெக்க முடியாது, அவ்ளோ தடிப்பு. உள்ள சதை வெள்ளை வெளேர்னு கெட்டியா இருக்கும். "இன்னாபா, இத்தப் போய் காசு குடுத்து வாங்கி வளக்குறியா"ன்னு அவங்க சிரிச்ச சிரிப்புல பக்கத்துக் கடைக்காரங்களும் திரும்பிப் பாத்தாங்க.

இந்த முள்ளு விஷயம் டேங்க் வெச்சிருக்கவங்களுக்கு ரொம்ப முக்கியம். ட்ரிக்கரை வலை போட்டுப் புடிக்காதீங்க. முள்ளு வலையில மாட்டிக்கிட்டு நட்டுக்கும், நீங்க பிரிக்கிறதுக்குள்ள மீன் துடிச்சுப் போயிடும், சில சமயம் வலையை வெட்டித்தான் எடுக்கணும். ஒரு ப்ளாஸ்டிக் டப்பாவை உள்ள எறக்கி மெதுவா அதுக்குள்ள ஓட்டுங்க.

அடுத்தது பல்லு. மேல எட்டு, கீழ எட்டுன்னு வெளிவரிசையில உளி கணக்கா நிக்கும், சாவுற வரைக்கும் வளந்துக்கிட்டே இருக்கும். கடல்ல நண்டு, சிப்பி, கடல் முள்ளெலின்னு ஓடு இருக்கிற ஐட்டமா ஒடைச்சுத் தின்னுதான் அந்தப் பல்லு தேயும். முள்ளெலியை இதுங்க சாப்புடுற விதம் இருக்கே, அதுக்குன்னே ஒரு மணி நேரம் பாக்கலாம். ஒடம்பு பூரா ஊசி வெச்சிருக்கிற ஒண்ணை எப்படிக் கடிக்கிறது? வாயால தண்ணியைப் பீச்சி அடிச்சு அதைக் கவுத்துப் போட்டுடும், அடிப்பக்கம் முள்ளு கம்மி, அங்க இருந்து ஆரம்பிக்கும். மணல்ல ஒளிஞ்சிருக்கிற இரையையும் இதே மாதிரி ஊதி ஊதித்தான் தோண்டி எடுக்கும். இவ்ளோ யோசிக்கிற ஒரு ஜீவனைக் கொண்டு வந்து நாலடி கண்ணாடிக்குள்ள போட்டுட்டு, அது நத்தையைத் தின்னுடுச்சு, பவளத்தைத் தள்ளி விட்டுடுச்சுன்னு பொலம்புறது எனக்குப் புரியல. அது அதோட வேலையைச் செஞ்சுது.

அதனால எந்த ட்ரிக்கர் அப்படிங்கிறதுதான் மொதல் கேள்வி. கடையில குட்டியாப் பாத்தா மயங்கிடுற ஐட்டம் க்ளௌன் ட்ரிக்கர், கருப்பு ஒடம்புல அடிப்பக்கம் பெரிய பெரிய வெள்ளைப் பொட்டு, மஞ்சள் உதடு, பாத்தா போட்டோ எடுக்காம இருக்க முடியாது. ரெண்டு இஞ்ச் இருக்கும்போது சமத்து. வளர வளர டேங்க்ல இருக்கிற ஒவ்வொருத்தனையா முடிச்சுட்டு கடைசியில தனியா ராஜா கணக்கா சுத்தும், அரை மீட்டர் வரைக்கும் வளரக்கூடிய மீன் அது. பச்சை ஒடம்புல ஆரஞ்சு கோடு கோடா வர்ற அண்டுலேட் ட்ரிக்கர் அதை விட மோசம், அதுக்குத் தனி டேங்க், தனி ரேஷன் கார்டுதான். டைட்டன் ட்ரிக்கரை யாராவது வீட்டுக்கு வாங்கினா எனக்கு அவங்க மேல கோவமே வரும், 75 சென்டிமீட்டர் வரைக்கும் போற மீன், முட்டை வெச்சிருக்கும்போது மனுசனையே தொரத்திக் கடிக்கும். அந்தமான்ல ஸ்கூபா போறவங்களுக்கு மொதல்லயே சொல்லிக் குடுப்பாங்க, டைட்டன் வந்தா மேல நீந்தாத, பக்கவாட்டுல போன்னு, ஏன்னா கூட்டுல இருந்து மேல விரிஞ்சுக்கிட்டே போற கூம்பு மொத்தமும் அதோட ஏரியா. பிகாசோ ட்ரிக்கர் நடுத்தரம், ரொம்ப புத்திசாலி, ஆளைப் பாத்தா கண்ணாடிக்கு வந்துடும், ஆனா எறா, நண்டு, நத்தை எதுவும் மிஞ்சாது. அதோட நெருங்கின சொந்தக்காரன் ஒருத்தனை ஹவாய்க்காரங்க மாநில மீனாவே அறிவிச்சிருக்காங்க, நம்ம மரகதப்புறா மாதிரி அங்க அதுக்கு மரியாதை.

சரி, பவளத்தோட யாரை வெக்கலாம்னா, பாறையில கெளறிச் சாப்பிடாம நடுத்தண்ணியில மெதந்து வர்ற மிதவை உயிர்களைத் தின்னு பொழைக்கிற வகைங்க. ப்ளூ த்ரோட் ட்ரிக்கர் அதுல மொதல் மார்க். ஆணுக்குத் தொண்டையில நீலத் திட்டு, துடுப்பு ஓரத்துல மஞ்ச கோடு, 30 சென்டிமீட்டரைத் தாண்டாது, பவளத்தை மோந்து கூடப் பாக்காது. பிங்க் டெயிலும் பரவால்ல. நம்ம நைஜர் மூணாவது. இதுங்க கடல்ல பாறைக்கு மேல நூத்துக்கணக்குல கூட்டமா நின்னு நீரோட்டத்துல வர்றதைக் கொத்தித் திங்கிற மீன், அதனாலதான் ட்ராலர் வலையிலயும் கூட்டமா மாட்டுது. நைஜர் பவளத்தைக் கடிக்காது. ஆனா சின்ன எறா வகைங்களை நம்பி விடாதீங்க, அந்த அழகான க்ளீனர் எறா ரெண்டாயிரம் ரூவா மதிய சாப்பாடு ஆயிடும். இன்னொண்ணு, இது பெருசாவும். கடல்ல 50 சென்டிமீட்டர் வரைக்கும் பதிவாயிருக்கு, டேங்க்ல அவ்ளோ போகாதுன்னாலும் ஆறடிக்குக் கொறைஞ்ச டேங்க்ல இதைப் போடறது பாவம்.

பவளம்னு சொன்னதும் ஒரு விஷயம் சொல்லிடணும், ஏன்னா இங்க பல பேருக்குத் தெரியாது, தெரிஞ்சவங்களும் தெரியாத மாதிரி இருக்காங்க. கல்லு கட்டுற பவளம் எல்லா வகையும், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல் விசிறி, எல்லாமே 2001ல இருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. புலிக்கு என்ன அந்தஸ்தோ அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவுல இருந்து வந்த லைவ் ராக்கு, அதாவது உசுருங்க ஒட்டி வாழுற கடல் பாறைன்னு யாராவது மெதுவா காதுல சொன்னா, பில்லு கேளுங்க, பில்லு வராது, நீங்க நடையைக் கட்டுங்க. அந்த வளைகுடாவுல இருக்கிற 21 தீவும் தேசியப் பூங்கா, அங்க ஒரு கல்லை எடுக்கவும் யாருக்கும் உரிமை இல்ல. என் டேங்க்ல இருக்கிறது செராமிக் பாறை, சிமெண்ட்ல வார்த்த பாறை. வாங்கினப்போ அசிங்கமா வெள்ளையா நின்னுச்சு, இப்ப ஊதா கலர்ல சுண்ணாம்புப் பாசி படர்ந்து எது கல்லு எது சிமெண்டுன்னு தெரியல. அது மேல லெதரும் மஷ்ரூமும் மாதிரி கல்லு கட்டாத மென்பவளம் மட்டும். ட்ரிக்கர் வீட்டுக்கு இதுவே பொருத்தமும் கூட, ஏன்னா இந்த மீன் நெறைய சாப்பிட்டு நெறைய கழிக்கும், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறிக்கிட்டே இருக்கும், மென்பவளம் அதைத் தாங்கும். பாறைகளை மணல் மேல வெக்காம டேங்க் அடிக்கண்ணாடி மேல ஒரு ஷீட் போட்டு அது மேல வெச்சு, எபாக்ஸி போட்டு ஒட்டிடுங்க. மணல் மேல வெச்சா இவன் கீழ ஊதி ஊதித் தோண்டுவான், ஒரு நாள் ராத்திரி பாறை சரிஞ்சு கண்ணாடியில விழும்.

தண்ணிக்கு வருவோம். கடல் அஞ்சு நிமிஷ நடை, ஆனா நான் உப்பை பக்கெட்ல காசு குடுத்து வாங்குறேன், தெருவுல இதைச் சொன்னா என்னைப் பைத்தியம்னுதான் சொல்லுவாங்க. எங்க பக்கத்துக் கடல்ல என்னென்ன கலக்குதுன்னு எங்களுக்குத் தெரியும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகம் பூரா எண்ணெய் பரவி, படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாம் கருப்பாப் போனதைக் கண்ணால பாத்த ஊரு இது. அது இல்லாம வடகிழக்குப் பருவமழை முடிஞ்சா இங்க கரையோரத்துல உப்பு அளவு நல்லா கொறைஞ்சுடும், டேங்குக்கு வேண்டியது லிட்டருக்கு 35 கிராம், அதுவும் நிலையா. ஆறடிக்கு ரெண்டடிக்கு ரெண்டடி டேங்க்னா கிட்டத்தட்ட 680 லிட்டர், கணக்குப் போட்டா முதல் தடவை மட்டும் 24 கிலோ உப்பு. பாறை, கண்ணாடி, ஸ்டாண்டு சேத்தா ஒரு டன்னுக்கு மேல வரும், அதனால தரைத்தளத்துலயோ, இல்ல பீம் எங்க போவுதுன்னு தெரிஞ்ச சுவத்தை ஒட்டியோ வெக்கணும். கலக்குற தண்ணி ஆர்.ஓ. தண்ணியா இருக்கணும். போர் தண்ணி இந்தப் பக்கம் ஏற்கனவே உப்பு, ஆனா நமக்கு வேணும்ங்கிற உப்பு இல்ல அது. மெட்ரோ தண்ணியில க்ளோரின். மீஞ்சூர் ஆலையில கடல் தண்ணியில இருந்து உப்பை எடுத்துட்டு 2010ல இருந்து நமக்கு அனுப்புறாங்க, நான் அந்தத் தண்ணியை வாங்கி ஆர்.ஓ.ல விட்டு திரும்ப உப்பைப் போடுறேன், இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல விரும்பல.

ஆனா இதெல்லாம் பணம் இருந்தா முடியுற வேலை. மெட்ராஸ்ல மெரைன் டேங்க் வெக்கிறவனுக்கு உண்மையான வில்லன் மே மாசம். டேங்க் 25, 26 டிகிரியில நிக்கணும், வெளிய 40. மதுரைக்காரங்க டேங்குக்கு மேல ஒரு ஃபேனைப் போட்டு ஆவியாக்கியே ரெண்டு மூணு டிகிரி எறக்கிடுவாங்க, இங்க கடல் காத்துல ஈரம் இருக்கிறதால ஃபேன் பாதி வேலைதான் செய்யும். தண்ணியைக் குளுர வெக்கிற சில்லர் மெஷின் போட்டே ஆவணும். சில்லர் டேங்க்ல இருந்து எடுக்கிற சூட்டை ரூமுக்குள்ளயே தள்ளும், அதனால நம்ம சில்லர் பால்கனியில நிக்குது, மழைக்காலத்துல அம்மா அதுக்கு எதிர்ல கொடி கட்டித் துணி காயப் போடுறாங்க, வீட்டுல அதுக்குக் கெடைச்ச ஒரே நல்ல பேரு அதான். ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டினா கரண்ட் பில்லு எப்படி எகிறும்னு தமிழ்நாட்டுல யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல.

கரண்ட் போனா? இங்க ரெண்டு வகை இருக்கு, பல பேரு ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கிறாங்க. மே மாசம் போனா சூடு, ஆர்.ஓ. தண்ணியை பாட்டில்ல ஒறைய வெச்சு மூடியோட சம்ப்புல, அதாவது டேங்கோட ஃபில்டர் தொட்டியில, மெதக்க விடணும். டிசம்பர்ல போனா சூடு பிரச்சனையே இல்ல, ஆக்சிஜன்தான், தண்ணி அசையலைன்னா பெரிய மீன் மொதல்ல திணறும், ட்ரிக்கருக்கு செவுள் ஓட்டை வேற சின்னது. மிக்ஜாம் சமயத்துல தெருவுல முழங்கால் தண்ணி, நாள்கணக்குல கரண்ட் இல்ல. இன்வெர்ட்டர்ல தண்ணியை அசைச்சு விடற வேவ்மேக்கர் ஒண்ணை மட்டும் ஓட விட்டேன், வீட்டு ஃபேனையும் டிவியையும் அதுல இருந்து கழட்டிட்டுத்தான், அதுக்கு வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக்கதை. அதுவும் தீந்ததும் பேட்டரி ஏர் பம்ப். அத்தனை நாளும் சாப்பாடு கெடையாது. தீனி போட்டா கழிவு, கழிவுன்னா அமோனியா, மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும், அமோனியாவைத் தாங்காது. எல்லாம் பொழைச்சுது.

சாப்பாடு விஷயத்துல நாம குடுத்து வெச்சவங்க. பெங்களூர்க்காரன் ஒறைஞ்ச பாக்கெட்டுக்கு அலையுறான், நமக்கு காசிமேடு. எறா ஓட்டோட, சின்ன நண்டு, கடம்பா, மட்டி, ஓடு இருக்கிற அயிட்டம் வாரத்துல சில நாள் கட்டாயம், பல்லு தேயணும் இல்லையா. கடையில இருந்து வந்ததும் நல்லாக் கழுவி, ஃப்ரீசர்ல கல்லா ஒறைய வெச்சு அப்புறம்தான் போடுவேன். எறாவையே தினமும் போட்டுக்கிட்டு இருக்காதீங்க, பச்சை எறாவுல பி1 வைட்டமினை அழிக்கிற ஒரு என்சைம் இருக்கு, மாசக்கணக்குல அதையே தின்னா மீன் நல்லா சாப்பிட்டுக்கிட்டே எளைக்கும், மாத்தி மாத்திக் குடுங்க, கூட கொஞ்சம் பாசித் தாளும் பெல்லட்டும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகு போவாது, ஃபைபர் படகு கொண்டு வர்றது மட்டும்தான், விலை ஏறிடும். அதனால ஏப்ரல் ஆரம்பத்துலயே எங்க வீட்டு ஃப்ரீசர்ல ஒரு தட்டு மீனுக்கு. மாம்பழ ஐஸ்கிரீமுக்குப் பக்கத்துல கடம்பா இருக்கறதை என் தங்கச்சி இன்னும் மன்னிக்கல.

வாங்கும்போது கடையில ஒரு தடவை தீனி போடச் சொல்லிப் பாருங்க. தலைக்குப் பின்னாடி முதுகு ஒட்டிப் போயிருந்தா, வயிறு உள்ள போயிருந்தா, எவ்ளோ சலுகை குடுத்தாலும் வேணாம். வீட்டுக்கு வந்ததும் நேரா மெயின் டேங்க்ல போடாம தனி டேங்க்ல ஒரு மாசமாவது வெய்யுங்க. மெரைன் வெள்ளைப் புள்ளி நோய் வந்துச்சுன்னா தாமிர மருந்துதான், அந்த மருந்தை ரீஃப் டேங்க்ல ஊத்தவே முடியாது, பவளம், நத்தை எல்லாம் போயிடும். அப்புறம், எல்லா மீனும் செட்டில் ஆனதுக்கப்புறம் கடைசியா உள்ள வர வேண்டியவன் ட்ரிக்கர். மொதல்ல வந்தா டேங்க் பூரா அவன் பேருல பட்டா.

இவ்ளோ கஷ்டப்பட்டு எதுக்குன்னா, வேற எந்த மீனும் இப்படி ஒரு ஆளா இருந்து நான் பாக்கல. ரெண்டு கண்ணும் தனித்தனியா சுத்தும், ஒண்ணு என்னைப் பாக்கும், ஒண்ணு கூட இருக்கிற டாங்ங்கிற வேற வகை மீனைப் பாத்துக்கிட்டு இருக்கும். ஒடம்பு அசையாது, மேல் துடுப்பும் கீழ் துடுப்பும் மட்டும் அலை அலையா ஓடும், முன்னாடியும் போவும், அப்படியே ரிவர்ஸும் எடுக்கும். சாப்பாடு லேட்டானா மேல வந்து வாயில தண்ணியை எடுத்து மூடி இடுக்கு வழியா துப்பும், ஒரு தடவை ப்ளக் பாயிண்ட் மேலயே அடிச்சதுக்கப்புறம் எல்லா ப்ளக்கையும் தலைக்கு மேல ஒசரத்துக்கு மாத்திட்டேன். ஒயரைக் கடிக்கும், அதனால உள்ள போற ஒவ்வொரு ஒயரும் பி.வி.சி. பைப்புக்குள்ள போவுது. டப்பாவுக்குள்ள ஓட்டிப் புடிக்கிறப்போ உறுமும், நெஜமாவே சத்தம் கேக்கும், காத்துப்பையை அதிர வெச்சுப் போடற சத்தம். லைட் அணைஞ்சா தன்னோட பொந்துக்குப் போயி, முள்ளை நட்டுக்கிட்டு, வாலு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டுப் படுக்கும். சில சமயம் பகல்லயே மணல் மேல பக்கவாட்டுல சாஞ்சு படுத்துடும், மொத தடவை பாக்குறவங்க செத்துடுச்சுன்னு அலறுவாங்க, ரெஸ்ட் எடுக்குதுங்க, விடுங்க.

இப்ப பெரம்பூர்ல என் ஃப்ரெண்டு ஒருத்தன் க்ளௌன் ட்ரிக்கர் குட்டி ஒண்ணைப் பாத்துட்டு வந்து தூக்கமில்லாம இருக்கான். அவன்கிட்ட இருக்கிறது நாலடி டேங்க், உள்ள ரெண்டு க்ளௌன் மீன் (ட்ரிக்கர் இல்ல, நீமோ), கொஞ்சம் எறா, பொண்ணு பேரு வெச்சு வளக்குற ஒரு சன்யாசி நண்டு. நான் ஆசையைக் கெடுக்கல. ஆறடி டேங்க் வாங்கு, நைஜர் போடுன்னு மட்டும் சொன்னேன். போன ஞாயித்துக்கிழமை டேப்பை எடுத்துக்கிட்டுப் போயி அவன் வீட்டு மாடிப்படியை அளந்தோம், திருப்பத்துல ஆறடி கண்ணாடி சாயாது. ஹவுஸ் ஓனர்கிட்ட முன்பக்க ஜன்னல் கிரில்லைக் கழட்டலாமான்னு கேட்டிருக்கான், அவரு "மீனுக்காவா?"ன்னு ஒரே ஒரு தடவை திருப்பிக் கேட்டாராம்.